அஸ்தேயம் பழகுவது எப்படி: மலையூர்க்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

யோகா வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சூரிய நமஸ்காரத்துக்காகவும் மூச்சுப் பயிற்சிக்காகவும் வருகிறார்கள். யமம், நியமம் என்று யோகத்தின் ஒழுக்க விதிகளை ஆரம்பித்ததும் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதிலும் அஸ்தேயம், அதாவது திருடாமை என்று சொல்லிவிட்டால் போதும், "நாங்க யார் வீட்லயும் எடுக்கலையே, அடுத்த பாடத்துக்குப் போயிடலாமே" என்பார்கள். அஹிம்சையைப் பற்றி முட்டை சாப்பிடலாமா என்பதில் தொடங்கி மணிக்கணக்கில் வாதாடுவோம். சத்தியத்தைப் பற்றிச் சண்டையே போடுவோம். திருடாமையை மட்டும் எல்லோரும் எப்போதோ பாஸ் பண்ணிவிட்டதாக நினைப்பு.

அப்படி நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவதால் உதாரணங்கள் தேயிலை, தண்ணீர், பஸ் என்று இருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் அவரவர் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தின் 30-ஆவது சூத்திரம் ஐந்து யமங்களைச் சொல்கிறது: அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மச்சரியம், அபரிக்கிரகம் (பொருள் சேர்க்காமை). எட்டு அங்கங்களில் யமம் முதலாவது, நாம் பாய் விரித்துச் செய்கிற ஆசனம் மூன்றாவது. பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் எதைச் சொல்லியும் இந்த ஐந்துக்கும் விலக்குக் கேட்க முடியாது என்கிறது அடுத்த சூத்திரம். "சீசன்ல மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி" என்பதற்கு இடமில்லை.

நம் பக்கத்தில் திருமூலர் இயமத்தை அடுக்கும்போது "கொல்லான் பொய்கூறான் களவிலான்" என்று தொடங்கி, அதே பாட்டில் "பகுத்துண்பான்" என்பதையும் சேர்த்துவிடுகிறார். வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, "உள்ளத்தால் உள்ளலும் தீதே" என்று நினைப்பையே பிடிக்கிறார். யோக சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசரும் இதையேதான் சொல்கிறார்: முறையற்ற வழியில் பிறர் பொருளை எடுப்பது திருட்டு. எடுக்காமல் இருப்பதோடு, எடுக்கும் ஆசையும் இல்லாமல் இருப்பது அஸ்தேயம்.

ஆசை வரை போய்த் தொடங்க வேண்டாம். அது முற்றிய பயிற்சி. புதியவர்கள் கையிலிருந்து தொடங்குவது நல்லது.

அதற்கு மிகவும் உதவுவது 34-ஆவது சூத்திரம். ஏனோ வகுப்புகளில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. யமத்துக்கு எதிரான செயல்கள் மூன்று வகை என்கிறது அது: நாமே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததற்கு ஒப்பியது. முதல் வகையில் நம்மில் பலர் உண்மையாகவே சுத்தம்தான். மாட்டிக்கொள்வது மூன்றாவதில். அண்ணாச்சி எடையில் அடித்து நமக்கு மலிவாகக் கொடுக்கிறார் என்று தெரிந்தே வாங்கினால் அது ஒப்பியது. கான்ட்ராக்டர் கூலியில் பிடித்து நம் வீட்டு எஸ்டிமேட்டைக் குறைத்தார் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால் அதுவும் ஒப்பியதே.

சமணர்களும் இதை நோன்பாகக் கொண்டவர்கள். அவர்களுடைய தத்துவார்த்த சூத்திரம் இந்த நோன்பு வழுவும் இடங்களாக ஐந்தைச் சொல்கிறது: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசு விதியை மீறுவது, அளவில் கூட்டிக் குறைப்பது, கலப்படச் சரக்கை நல்லதென்று விற்பது. இதில் ஒன்றுகூடச் சுவரேறிக் குதிப்பதில்லை. ஐந்தும் பகல் வெளிச்சத்தில், கடைத்தெருவில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடப்பவை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி ஒன்றுதான். பூட்டிய பொருளைப் பார்த்து ஆசைப்படுகிறோமா என்று சோதித்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. உங்கள் கையில் தராசு இருக்கும் இடம் எது என்று தேடுங்கள். அளக்கும் உரிமையும், வால்வைத் திறக்கும் உரிமையும், நேரம் குறிக்கும் உரிமையும் யாரிடம் இருக்கிறதோ, திருட்டு நடப்பதற்கான வாய்ப்பும் அவரிடம்தான் இருக்கிறது. எதிரே நிற்பவரால் கேட்க முடியாது. அதனால் நமக்கும் அது திருட்டு என்று உறைப்பதில்லை.

முதல் வாரம்: ராத்திரி ஐந்து நிமிடம், ஒரு நோட்டு

படுக்கப் போகும் முன் ஒரு பழைய டைரியில் எழுதுங்கள். "இன்று என்ன திருடினேன்" என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது, தூக்கம்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். இன்று எனக்கு என்ன வந்தது? யார் கையிலிருந்து வந்தது? அது வந்தது அவருக்குத் தெரியுமா, தெரிந்தால் சரி என்பாரா?

மூன்றாவது கேள்வியில்தான் சங்கதி இருக்கிறது. மார்க்கெட்டில் மீதிச் சில்லறையில் 20 ரூபாய் கூடுதலாக வந்தது. கடைக்காரருக்குத் தெரியாது. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் பிள்ளையின் புராஜெக்ட் எடுத்தது ஆபீஸுக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரியும், அவரும் எடுக்கிறார். பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அவர்கள் பையன் சொல்லி வந்தது. அவன் அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்தால் சிரிப்பாரா, முறைப்பாரா?

இந்த ஒரு வாரம் எதையும் திருத்த வேண்டாம். எழுதினால் போதும். அன்றன்றைக்கே சரிசெய்யப் போனால், சுலபமாகச் சரிசெய்யக்கூடியதை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவோம்.

ஓர் எச்சரிக்கை. இன்றைய யோகாப் பேச்சில் எல்லாவற்றையும் திருட்டாக்கிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. பக்கத்துப் பாயில் இருப்பவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் உன் நிம்மதியை நீயே திருடுகிறாய், தசையை அதிகம் இழுத்தால் உடம்பிடமிருந்து திருடுகிறாய் என்றெல்லாம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை சந்தோஷம் (இருப்பதில் நிறைவு) என்ற நியமத்தின் கீழும் அஹிம்சையின் கீழும் வர வேண்டியவை. அஸ்தேயத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், அவருடையது என்று ஒன்று வேண்டும். அந்த ஆளை நோட்டில் பெயர் போட்டு எழுத முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இரண்டாம் வாரம்: வீட்டில் இருக்கும் அடுத்தவர் சாமான்

இது சுலபமான கட்டம், கொஞ்சம் வேடிக்கையானதும்கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேல்தட்டைத் திறந்து, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களைக் கீழே இறக்குங்கள். உங்கள் பெயர் இல்லாத தூக்கு, மாமியார் வீட்டுப் பெயரும் இல்லாத டப்பா, கல்யாண வீட்டிலிருந்து வந்த சம்படம் எல்லாம் இருக்கும். பிறகு பீரோவில் யாரோ குளிருக்குக் கொடுத்த ஸ்வெட்டர், வாசலில் மழைக்கு வாங்கி வந்த குடை, நூலகப் புத்தகம், பின்னால் சாய்த்து வைத்திருக்கும் ஏணி.

இவை ஏன் திரும்பிப் போகவில்லை என்று பார்த்தால் பேராசை காரணமில்லை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஏதாவது செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது, ஒன்றும் செய்யாமலே மூன்று தீபாவளி போயிருக்கும். நல்ல வழக்கம் திருட்டில் கொண்டுபோய் விட்ட கதை இது. அரைக்கால் கிலோ சர்க்கரையைப் போட்டு இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது நீண்ட சமாதானம் வேண்டாம். "அத்தை, உங்க தூக்கு எங்கிட்டயே இருந்துச்சு, இந்தாங்க" என்பது போதும்.

மூன்றாம் வாரம்: தராசு

இங்கே நிதானமாகப் போக வேண்டும். மலையில் ஏராளமானவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் தேயிலையோடு தொடர்பு இருக்கிறது. அரை ஏக்கர் வைத்திருப்பவர்கூட ஆள் வைத்துத்தான் பறிக்கிறார். அதனால் எடைத் தராசு நம் வாழ்க்கையில் தள்ளி நிற்கும் உவமை இல்லை, சாயங்காலம் ரோட்டோரத்தில் தொங்குகிற பொருள்.

அந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பறித்தவர் முதுகிலிருந்து சாக்கை இறக்குகிறார். கொக்கியில் மாட்டியதும் சாக்கு ஆடுகிறது, எண்கள் மின்னி மின்னி மாறுகின்றன. நாற்பத்தொன்று சொச்சம், நாற்பத்தொன்றரை, நாற்பத்தொன்று எழுநூறு. எண் நிற்பதற்குள் "நாப்பத்தொண்ணு" என்று குரல் வந்துவிடுகிறது, நோட்டில் 41 ஏறிவிடுகிறது, சாக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிறகு மழை நாளென்றால் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்கு எடைக்கு ஒரு கழிவு. எவ்வளவு கழிப்பது என்பதைச் சொல்பவரும் தராசுக்காரரே.

எழுநூறு கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு நாளைக்கு 20 சாக்கு எடை போட்டு, ஒவ்வொன்றிலும் எழுநூறு போனால் 14 கிலோ. பறித்தவர் குனிந்து நிமிர்ந்து, அட்டைக் கடியோடு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிச் சேர்த்த 14 கிலோ யாருடைய கணக்கிலும் இல்லாமல் போகிறது. கேட்க மாட்டார்களா என்றால், மாட்டார்கள். 1964 இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. தராசுக்கு முன்னால் பேசாமல் நிற்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். நாளைக்கும் வேலை வேண்டும் என்கிற கவலை அதோடு சேர்ந்துகொள்கிறது.

பயிற்சி இதுதான். எண் நிற்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். நின்றதும் கிராம் வரை சத்தமாகப் படியுங்கள். அதைவிட நல்லது, "அக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று பறித்தவரையே படிக்கச் சொல்வது. உங்கள் நோட்டில் எழுதும்போதே அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். ஈரக் கழிவு எவ்வளவு என்பதைக் காலையில், வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் எடை பார்த்த பிறகு சொல்கிற கழிவுக்கு எந்த நியாயமும் கிடையாது. வெற்றுச் சாக்கை ஒருமுறை எல்லோர் முன்னாலும் எடை போட்டுக் காட்டிவிட்டால் அந்தத் தகராறும் தீர்ந்தது.

சிறு விவசாயிக்கும் இதே கதை மேலே நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏஜெண்டும் பாக்டரியும் அவர் இலையில் கழிக்கிறார்கள், விலையும் அவர் கையில் இல்லை. "எனக்கு மேல பிடிக்கிறாங்க, நான் கீழ பிடிக்கிறேன்" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். கோபம் நியாயமானது. ஆனால் பேராசை, கோபம், மயக்கம் ஆகிய மூன்றிலிருந்தும் இந்தச் செயல்கள் பிறக்கும் என்று அந்த 34-ஆவது சூத்திரமே சொல்கிறது. மேலே உள்ளவரிடம் காட்ட முடியாத கோபம் கீழே உள்ளவர் சாக்கில் இறங்குகிறது. மேலே கேட்க வேண்டியதைச் சேர்ந்து போய்க் கேளுங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையில் பங்கு இருந்தால் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். பறிக்கிற அக்காவின் எழுநூறு கிராம் வேறு கணக்கு.

தேயிலை இல்லாதவர்களுக்கும் தராசு உண்டு. கடை வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். தூளில் சாயம் சேர்த்தது என்று தெரிந்தும் சுற்றுலாப் பயணிக்கு நீலகிரித் தேயிலை என்று கொடுப்பதும், கலப்படத் தைலத்தைச் சுத்தமான யூகலிப்டஸ் என்று விற்பதும் சமணர் பட்டியலில் ஐந்தாவதாக நேரே வந்து உட்காரும். லாஜ், காட்டேஜ் நடத்துகிறவர்கள் சீசனில் வாடகையை ஏற்றுவது திருட்டா என்று கேட்கிறார்கள். ஏற்றிய தொகையை முன்பே போர்டில் எழுதி வைத்தால் திருட்டில்லை. குழந்தையோடு ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கும் குடும்பத்தின் முகத்தைப் பார்த்து ஏற்றினால் திருட்டு.

பேரம் பேசுவதற்கும் இதே அளவுகோல்தான். கேத்தி பக்கம் ரோட்டோரத்தில் தழையோடு காரட் கட்டு விற்கும் அம்மாவிடம் பேரம் பேசுவதில் தப்பில்லை, அவரும் ரசித்துத்தான் பேசுவார். மழை பிடித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி, அவர் கூடையைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று தெரிந்துகொண்டு பாதி விலைக்குக் கேட்பது பேரமில்லை.

தண்ணீர்

இதற்குத் தனியாக வாரம் வேண்டாம், ஒரே நாளில் முடிவெடுக்கலாம். குன்னூருக்கு ரேலியா அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. கோடையில் முறை வைத்து விடுகிறார்கள். மலைச்சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், நடுவில் ஒருவர் நகராட்சிக் குழாயில் நேரே மோட்டாரை மாட்டினால் மேல்வரிசை வீடுகளில் குழாயைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று மட்டும் வரும். அங்கே இருப்பவர் வயதானவராக இருந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார்.

செய்ய வேண்டியது: மோட்டாரைக் கழற்றுங்கள். தண்ணீர் தானாக வந்து விழும்படி ஒரு கீழ்த்தொட்டி வைத்து, அதிலிருந்து மேல்தொட்டிக்கு மோட்டார் போடுங்கள். தொட்டி நிறைந்ததும் வால்வை மூடுங்கள். வழிந்து ஓடுவது உங்கள் பங்கு இல்லை. "எல்லாரும்தான் மாட்டியிருக்காங்க" என்றால், உண்மைதான், மாட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஒரு வீட்டில் கழற்றிய பிறகுதான் பேச முடிகிறது.

நேரம்

சமவெளியில் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். மலையில் அப்படி இல்லை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவை "இந்த ஒரு பாத்திரத்தையும் முடிச்சிட்டுப் போயிடுங்க" என்று நிறுத்திவைத்த பத்து நிமிடத்தில் ஐந்தரை மணி பஸ் போய்விடும். அடுத்த பஸ் ஏழு மணிக்கு இருந்தால் உண்டு. இல்லையென்றால் ஆட்டோ, அல்லது காட்டெருமை நிற்கும் வழியில் இருட்டில் நடை. நீங்கள் எடுத்தது பத்து நிமிடம், அவர் கொடுத்தது ஒன்றரை மணி நேரமும் ஒரு ஆட்டோக் கூலியும்.

ஆகவே உங்களுக்காக வேலை செய்கிறவர்களின் பஸ் நேரத்தை எழுதிச் சமையலறையில் ஒட்டிவையுங்கள். அதற்குக் கால்மணி முன்னால் புதிய வேலை எதுவும் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். தவறிவிட்டால் ஆட்டோக் கூலி உங்களுடையது. அதைச் சம்பளத்தில் சேர்க்காமல் தனியாக அன்றைக்கே கொடுங்கள்.

யோகா ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ஏழு மணிக்கு முடியும் என்று சொன்ன வகுப்பை ஏழே காலுக்கு முடிக்கிற குரு, மாணவர்களின் கால்மணியைத் தியானம் என்ற பெயரில் எடுத்துக்கொள்கிறார். மாணவர்கள் பக்கமும் உண்டு: ஒருவர் கட்டணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பை ரெக்கார்டு செய்து குரூப்பில் போடுவதை அன்பளிப்பு என்று நினைக்கிறோம். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் இலவசமாகவே கொடுப்பார்கள். கேட்டுவிடுங்கள்.

காடு

சோலைக்குள் போய் மரத்தில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட் செடியைப் பிய்த்து வந்து தொட்டியில் வைப்பது, பாசியை வழித்து வருவது, குறிஞ்சி பூத்தால் கொத்தாக ஒடித்து போட்டோ எடுப்பது. இவற்றைச் செய்கிறவர்கள் யாரும் தங்களைத் திருடர்கள் என்று நினைப்பதில்லை, இயற்கை ஆர்வலர்கள் என்றே நினைக்கிறார்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டு, அத்தோடு பட்டுப்போகிற செடி. அந்த ஒரு பூப்பில் கொத்தை ஒடித்துவிட்டால் அந்தச் செடிக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து எடுப்பவர்கள் என்றதும் பலருக்குத் தேன் எடுக்கும் குறும்பரும் விறகு சுமக்கும் பெண்ணும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம், தேன் முதலான சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. அவர்கள் எடுப்பது அவர்களுடையது. அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, லேபிள் ஒட்டி, பத்து மடங்குக்கு விற்கிற இடத்தில் கேள்வி கேளுங்கள். தோடர்களின் கைப்பின்னலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிவப்பு, கறுப்புக் கோலத்தை மெஷினில் அச்சடித்துத் தோடர் சால்வை என்று விற்பதை வாங்குவது, தெரிந்து வாங்கினால், ஒப்பியது என்ற கணக்கில் சேரும். வாங்கும் முன் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். கையால் போட்டதா என்று கேளுங்கள், யார் போட்டது என்றும் கேளுங்கள்.

யானைக்கும் வழி உண்டு. சீகூர்ப் பகுதி யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. நாம் அங்கே ரிசார்ட் கட்டவில்லைதான். சென்னையிலிருந்து வரும் சித்தப்பா குடும்பத்துக்கு அந்தப் பக்கம் ரூம் போட்டுக் கொடுக்கும்போது, அந்தக் கட்டடம் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை விசாரிப்பது நம் வேலை. அதே சித்தப்பாவுக்கு இன்னொன்றும் சொல்லலாம். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். நம் டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பி அவர்களை ஏற்றி வருவது தப்பில்லை. பொய்யான விவரம் கொடுத்துப் பாஸ் எடுத்துத் தருவது தப்பு.

சறுக்கும்போது

சறுக்கும். பதஞ்சலி அதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார் (33-ஆவது): தவறான எண்ணம் தொந்தரவு செய்யும்போது அதற்கு மாறானதை மனதில் கொண்டுவா. நடைமுறையில் இதை நான் இப்படிச் செய்யச் சொல்வேன். கூடுதல் சில்லறை கையில் இருக்கிறது, பஸ் கிளம்பப் போகிறது, மனசு "விடு" என்கிறது. அந்த நேரத்தில் கண்டக்டர் ராத்திரி டிப்போவில் பணம் கட்டும் காட்சியை நினையுங்கள். குறைந்தால் அவர் பையிலிருந்துதான் போட வேண்டும். கை தானாக நீளும். தத்துவத்தைவிட ஆளை நினைப்பது வேகமாக வேலை செய்கிறது.

திருப்பிக் கொடுக்கும்போது நாடகம் வேண்டாம். "என்னை மன்னிச்சிடுங்க, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் உங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும். பொருளோடு அவர் நேரமும் போகும். தொகை, காரணம், இரண்டு வார்த்தை போதும். நேரில் கொடுத்தால் மானப் பிரச்சினை ஆகும் என்றால் உறையில் போட்டு வைத்துவிட்டு வாருங்கள், அதுவும் திருப்பிக் கொடுத்ததுதான்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக எடுக்காதீர்கள். பூங்கா டிக்கெட் கவுண்டரில் வயதைக் கேட்கும்போது சரியான வயதைச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

தேவையில்லாததை வாங்கிக்கொள்வதும் திருட்டே என்று எழுதினார் காந்தி. 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு வாராவாரம் நோன்புகளைப் பற்றி எழுதிய கடிதங்களில் அது வருகிறது. 1934-இல் ஹரிஜன யாத்திரையின்போது நம் குன்னூரிலும் வந்து தங்கியவர் அவர். அவர் வைத்த அளவுகோல் ரொம்பக் கடுமையானது. புதியவர்கள் அதை மூன்றாவது மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளே எடுத்தால் அலமாரியைக் காலி செய்வதில் போய் நிற்கும். அலமாரி காலியாகும், ஈரக் கழிவு அப்படியே இருக்கும்.

அஸ்தேயத்தில் நிலைபெற்றவனிடம் எல்லா ரத்தினங்களும் தாமே வந்து சேரும் என்று 37-ஆவது சூத்திரம் சொல்வதைச் சிலர் பணம் கொட்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பிச் சேராதீர்கள். சரியாக எடை போடுகிறவர் தோட்டத்துக்குப் பறிக்க ஆள் தட்டுப்பாடு வராது என்கிற அளவுக்கு என்னால் உறுதி சொல்ல முடியும்.

பழைய கணக்கு

நோட்டு எழுத எழுதப் பழையவை மேலே வரும். இருபது வருஷத்துக்கு முன் பிடித்த கூலி, திரும்பக் கொடுக்காத கைமாற்று, அண்ணனுக்குச் சேர வேண்டிய பாகத்தில் அளந்து போட்ட வேலி. ஆள் இருந்தால் போய்க் கொடுங்கள். இடம் சம்பந்தப்பட்டது என்றால் தனியாகப் போகாமல், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடித்ததைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள், வாய்வார்த்தையாக விட்டால் அடுத்த தலைமுறை திரும்பச் சண்டை போடும்.

ஆள் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். "உங்கம்மாவுக்கு நான் கொடுக்க வேண்டியது" என்று சொன்னால் போதும், எப்படி வந்தது என்ற வரலாறு அவர்களுக்குத் தேவையில்லை. பிள்ளைகளும் திருப்பூர், கோவை என்று போய் முகவரி தெரியவில்லை என்றால், கோயில் உண்டியலில் போடுவதுதான் நம்மவர்கள் முதலில் செய்வது. நான் அதைச் சொல்ல மாட்டேன். கூலியில் பிடித்தது கூலிக்காரருக்கே போகட்டும். அதே லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) இருந்து இப்போது பறிக்கிற யாராவது ஒருவரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமாகக் கட்டலாம். எடைக்கு எடையாக, இன்றைய விலையில் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய விலையில் போட்டால் மறுபடியும் தராசு உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.